ஃப்ரோமெல் 1916: தகடு வீட்டுக்குப் போனது, உடல் குழிக்குள் போனது

வடக்கு பிரான்ஸில் ஃப்ரோமெல் என்று ஒரு சின்ன கிராமம். அதன் ஓரத்தில் ஃபெசன்ட் வுட் என்ற தோப்பு. 2009இல் அந்தத் தோப்பை ஒட்டிய வயலைத் தோண்டியபோது, ஒரு சிப்பாயின் எலும்புகளோடு ஒரு ரயில் டிக்கெட்டும் வெளியே வந்தது. ஃப்ரிமாண்டிலிலிருந்து பெர்த்துக்குப் போய்வர எடுத்த ரிட்டர்ன் டிக்கெட். இரண்டும் மேற்கு ஆஸ்திரேலிய ஊர்கள். நச்சுவாயு முகமூடியோடு மடிந்து கிடந்ததால், 93 வருஷம் ஈரக் களிமண்ணில் இருந்தும் படிக்கிற நிலையில் இருந்தது. திரும்பி வரும் பாதி அவரிடமே மிச்சமிருந்தது.

போர்க்களப் பொருட்களைச் சேகரிப்பவர்கள் கூடினால் இந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். ஆனால் அந்தத் துண்டுச் சீட்டு எலும்புகளோடு சேர்ந்து வந்ததால்தான் நமக்கு ஏதாவது சொல்கிறது. அதே சீட்டு ஒரு ஏலத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வந்திருந்தால் அது பழைய ரயில் டிக்கெட், அவ்வளவுதான். எலும்போடு வந்ததால், இவர் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கலாம், அப்படியானால் ஆட்களில் ஒரு பகுதியை அங்கிருந்து திரட்டிய 32ஆம் பட்டாலியனில் முதலில் தேடலாம் என்று ஒரு வழி பிறக்கிறது.

ஃப்ரோமெல் நிகழ்வை முழுவதுமாக எழுத நினைத்ததற்கு இதுவே காரணம். ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து எடுப்பது, எடுப்பவர் எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும், என்ன செய்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே இரவு

சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப்போரின் நடுவில், 1916 ஜூலை 1இல், பிரான்ஸின் சோம் ஆற்றுப் பகுதியில் சோம் போர் தொடங்கியது. சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே இருந்த ஜெர்மானியப் படைகள் அங்கே உதவிக்குப் போய்விடாமல் பிடித்துவைக்க, ஃப்ரோமெல் முனையில் ஒரு தாக்குதலுக்குத் திட்டமிட்டார்கள். ஜூலை 19 மாலை 6 மணிக்கு ஆஸ்திரேலியாவின் 5ஆம் டிவிஷனும் பிரிட்டனின் 61ஆம் டிவிஷனும் அகழியை விட்டு எழுந்தன. நல்ல வெளிச்சம். எதிரே மேட்டில் ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள். மறுநாள் காலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் என்று ஆஸ்திரேலியர் பக்கம் மட்டும் 5,533 பேர். ஒரு அடி நிலம்கூட மிஞ்சவில்லை.

ஜெர்மானியக் கோட்டுக்குள் நுழைந்து அங்கேயே விழுந்தவர்கள்தான் இந்த ஆய்வின் மையம். அவர்களை அடக்கம் செய்யும் பொறுப்பு ஜெர்மானிய ராணுவத்தைச் சேர்ந்த பவேரியப் படையின் தலையில் விழுந்தது. ஜூலை 21 தேதியிட்ட ரெஜிமெண்ட் ஆணை ஒன்று இருக்கிறது: தோப்புக்குத் தெற்கே, ஏறத்தாழ 400 எதிரிச் சடலங்களுக்குப் போதுமான குழிகள் வெட்டவேண்டும். எட்டுக் குழிகள் வெட்டினார்கள். சிறு தண்டவாள வண்டியில் சடலங்கள் வந்தன.

தகடு

அடக்கம் செய்வதற்கு முன் பவேரியர்கள் சிப்பாய்களின் கழுத்தில் தொங்கிய அடையாளத் தகடுகளைக் கழற்றினார்கள். இது கொள்ளை இல்லை. முறைப்படி, கொஞ்சம் மரியாதையோடும் செய்த வேலை. பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். தகடுகளும் சொந்தப் பொருட்களும் செஞ்சிலுவை வழியாக எதிரி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அந்தச் சிப்பாய்களின் கோப்புகளைப் புரட்டினால் ஒரே மாதிரியான வரி திரும்பத் திரும்ப வரும்: தகடு ஜெர்மனியிலிருந்து வந்தது, 1916 ஜூலை 19 அன்று (ஃப்ரோமெலுக்குப் பக்கத்து ஊரான) ஃப்ளெர்பே பகுதியில் இறந்தார், மேற்கொண்டு விவரம் இல்லை.

அந்த நாளில் சிப்பாயிடம் இருந்தது ஒரே ஒரு தகடு. அதைக் கழற்றினால் இறந்த செய்தி வீட்டுக்குப் போகும். ஆனால் குழிக்குள் கிடப்பவர் யார் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. இந்தக் குறை ஃப்ரோமெலில் மட்டும் தெரிந்ததில்லை, பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக ஓடிய மேற்குப் போர்முனை முழுக்க இதே கதைதான். 1916 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் 287ஆம் ஆணையின்படி இரட்டைத் தகடு முறைக்கு மாறியது. சிவப்பு வட்டத் தகட்டைக் கழற்றிக் கணக்கில் சேர்க்கவேண்டும். பச்சை எண்கோணத் தகடு உடலோடேயே இருக்கவேண்டும். இரண்டும் அழுத்திய நார் அட்டையில் செய்தவை. ஃப்ரோமெலில் விழுந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு இரண்டு மாதம் தாமதம்.

போர் முடிந்தபின் கல்லறைப் பிரிவினர் அந்த வட்டாரம் முழுவதும் தேடி உடல்களை எடுத்துச் சேர்த்தார்கள். ஃபெசன்ட் வுட் குழிகள் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. வி.சி. கார்னர் கல்லறையில் பெயர் தெரியாத 410 ஆஸ்திரேலியர்கள் கிடக்கிறார்கள். அங்கே தனித்தனிக் கல் கிடையாது. காணாமல் போனவர்களின் பெயர்கள் ஒரு சுவரில் இருக்கின்றன. கதை அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

கூட்டல் கழித்தல்

மெல்போர்னில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் லாம்பிஸ் எங்லெசோஸ் இந்தக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு ஒரு சாதாரணக் கணக்குப் போட்டார். காணாமல் போனவர் எத்தனை பேர்? சுற்றியுள்ள எல்லாக் கல்லறைகளிலும் பெயர் தெரியாத ஆஸ்திரேலியர் எத்தனை பேர்? இரண்டையும் கழித்தால் 150க்கும் மேற்பட்டவர்கள் எங்கும் இல்லை. செஞ்சிலுவைக் கோப்புகளில் ஜெர்மானியர்கள் அனுப்பிய பட்டியல் இருக்கிறது. பட்டியலில் பெயர் எழுதியவன் அந்த உடலைக் கையில் வைத்திருந்தவன். அப்படியானால் அவனேதான் எங்கோ புதைத்திருக்கவேண்டும். 1916இல் எடுத்த வான்படங்களில் தோப்பின் ஓரத்தில் வரிசையாகக் குழிகள் தெரிகின்றன. சண்டைக்கு முன் எடுத்த படங்களில் அவை இல்லை.

அதிகாரிகள் எளிதில் இறங்கிவரவில்லை. போருக்குப் பிறகே அந்த உடல்களை எடுத்திருப்பார்கள், குழி காலியாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அதுவும் நியாயமான சந்தேகம்தான். காகிதத்தில் போட்ட கணக்கை மட்டும் நம்பி யாரும் ஒரு வயலைக் கிளறிவிட மாட்டார்கள்.

ஆல்பர்டன் பதக்கம்

2007இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு, டோனி பொல்லார்ட் தலைமையில், மண்ணைத் தோண்டாமல் மேற்பரப்பை மட்டும் ஆராய வந்தது. மெட்டல் டிடெக்டரோடு வயலை அங்குலம் அங்குலமாக நடந்தார்கள். அப்போது கிடைத்தவற்றில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆல்பர்டன் என்ற கிராமப்புற வட்டாரம், போருக்குப் போகும் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவாகக் கொடுத்த சிறு பதக்கம்.

கொஞ்சம் நின்று இதைப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்குகிற உலோகத் துண்டு. வெள்ளி மதிப்போ பதக்க மதிப்போ பெரிதாகக் கிடையாது. ஆல்பர்டனில் இதைப் பெற்றவர்கள் மொத்தமே கொஞ்சம் பேர். அவர்களில் யாரோ ஒருவர் இந்த வயலுக்கு வந்திருக்கவேண்டும். ஆஸ்திரேலியர்கள் அந்தச் சண்டையில் உயிரோடு இவ்வளவு பின்னால் வந்து நின்று போரிட்டதில்லை. ஆகவே வந்தவர் நடந்து வரவில்லை, தூக்கி வந்து போட்டிருக்கிறார்கள். தகடு கழற்றும்போதோ வண்டியிலிருந்து இறக்கும்போதோ பதக்கம் மேல்மண்ணில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. மேலும், இந்த மேல்மண் பெரிதாகக் கலைந்ததாகத் தெரியவில்லை. போருக்குப் பின் பெரிய அளவில் தோண்டியிருந்தால் இத்தனை சிறிய பொருள் அப்படியே கிடந்திருக்காது. குழியைத் திறக்காமலேயே, காகிதக் கணக்குக்கு மண்ணிலிருந்து கிடைத்த முதல் சாட்சி இதுதான்.

அதற்கு ஐந்து வருஷம் முன்பு, வார இறுதியில் டிடெக்டரோடு கிளம்புகிற ஒருவர் அந்த வயலுக்கு வந்திருந்தால்? பீப் என்று சத்தம் கேட்டிருக்கும். எடுத்துத் துடைத்து, அழகாக இருக்கிறதே என்று சட்டைப்பையில் போட்டிருப்பார். பிற்பாடு அது கைமாறி, முதல் உலகப்போர், ஆஸ்திரேலியா, வயலில் கிடைத்தது என்ற மூன்றே குறிப்போடு எங்காவது ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும். திருட்டு என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காது. பிரான்ஸில் இப்படித் தேடுவதற்கு முன்அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது தெரியாமலே பலர் தேடுகிறார்கள், தெரிந்தும் சிலர்.

குழிக்குள்

2008இல் சோதனைக்காகத் தோண்டிப் பார்த்ததில் மனித எச்சங்கள் உறுதியாயின. 2009 மே முதல் செப்டம்பர் வரை ஆக்ஸ்ஃபோர்ட் ஆர்க்கியாலஜி குழு முழு அகழாய்வு நடத்தியது. 250 உடல்கள். அவற்றோடு 6,000க்கும் மேற்பட்ட பொருட்கள்: பொத்தான், பெல்ட் கொக்கி, பூட்ஸ் தோல், பேனா, சிலுவை.

வேலை நடந்த முறைதான் சேகரிப்பாளன் கற்கவேண்டியது. ஒவ்வொரு உடலுக்கும் ஒரு எண். எந்தப் பொத்தான் எந்த எண்ணின் எந்த விலா எலும்பருகே கிடந்தது என்பது பதிவாகும். அதற்குப் பிறகுதான் பொருள் நகரும். களத்தை ஒட்டியே தற்காலிகப் பிணவறை, எக்ஸ்-ரே வசதி. துருக்கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்காமல் பார்க்க எக்ஸ்-ரே உதவியது. எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் டி.என்.ஏ. மாதிரி எடுத்தார்கள். கடல் கடந்து உறவினர்கள் தங்கள் மாதிரிகளை அனுப்பினார்கள்.

பெரும்பாலானவர்களின் பெயரை டி.என்.ஏ. கண்டுபிடித்தது, பொத்தான் இல்லை. இதை ஒப்புக்கொள்வது சேகரிப்பாளனுக்குக் கஷ்டம்தான். ஆனால் டி.என்.ஏ. ஒப்பிட ஒரு குடும்பம் வேண்டும். எந்தக் குடும்பத்தைத் தேடுவது? இவர் ஆஸ்திரேலியரா பிரிட்டிஷ்காரரா என்பதற்கே தோளில் இருந்த பித்தளை எழுத்தோ உடுப்பின் பொத்தானோதான் பதில் சொன்னது. வட்டம் சுருங்கச் சுருங்கத்தான் பரிசோதனைக்கு அர்த்தம் வரும்.

ஐம்பது வருஷத்தில் முதல்முறையாக, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் புதிதாக ஒரு கல்லறை கட்டியது. 2010 ஜனவரி 30இல் முதல் சிப்பாயை அடக்கம் செய்தார்கள். மார்ச்சில் 75 பேருக்குப் பெயர் கிடைத்தது. 250ஆவது உடல் அதே ஆண்டு ஜூலை 19இல், சண்டையின் 94ஆம் நினைவு நாளில், மண்ணுக்குப் போனது. அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. இன்று 160க்கும் மேற்பட்டவர்களின் கல்லில் பெயர் இருக்கிறது. மற்றக் கற்கள் காத்திருக்கின்றன.

பொருள் ஏமாற்றும் இடம்

எலும்போடு கிடைத்துவிட்டால் பொருள் எப்போதும் உண்மையே சொல்லும் என்று நினைத்துவிடக்கூடாது. அகழியில் கோட்டு கைமாறும், பூட்ஸ் கைமாறும். செத்த தோழனின் தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மேலதிகாரியிடம் ஒப்படைக்கும் முன் தானும் செத்தவர்கள் உண்டு. பெயர் பொறித்த ஸ்பூனோ சவர டப்பாவோ அந்தப் பெயர்க்காரனுடையது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தில் இப்படிப்பட்ட உடல்களுக்குப் பெயர் தேடும் ஜே.சி.சி.சி. பிரிவு, ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு கல்லில் பெயர் வெட்டுவதில்லை. ஆவணம், உடல் அளவு, இடம், முடிந்தால் டி.என்.ஏ., எல்லாம் ஒத்துப்போகவேண்டும். சேகரிப்பாளர்களோ ஒரே ஒரு பெயரைக் கண்டதும் முழு வாழ்க்கை வரலாறு எழுதி ஃப்ரேம் போட்டுவிடுகிறோம்.

பக்கத்து வயலில் ‘39’

ஃப்ரோமெலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ரிஷ்பூர். 2016இல் அங்கே வடிகால் வெட்டும்போது எலும்புகள் தென்பட்டன. அவற்றில் இருவரின் தோள் சின்னத்தில் ‘39’ என்ற எண். 39ஆம் கர்வால் ரைஃபிள்ஸ், இமயமலை அடிவாரத்தில் திரட்டிய படை. 1914–15இல் இந்தப் பகுதியில் போரிட்டது. 2017 நவம்பரில் லாவெந்தி ராணுவக் கல்லறையில் இருவரையும் அடக்கம் செய்தார்கள், இந்தியாவிலிருந்து வந்த ரெஜிமெண்ட் பிரதிநிதிகள் முன்னிலையில்.

அந்தப் பித்தளை எண் இல்லாவிட்டால் அவர்கள் இந்தியர் என்றுகூடத் தெரியாமல் போயிருக்கலாம். எண் இருந்ததால் ரெஜிமெண்ட் வரை வந்தோம். அதற்கு மேல் பெயர் வரவில்லை. ஃப்ரோமெலில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் டிஜிட்டல் கோப்புகளாகக் கிடைத்தன, வம்சாவளி ஆர்வலர்கள் இருந்தார்கள், மாதிரி கொடுக்கக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. கர்வால் மலைக் கிராமத்திலிருந்து வந்த சிப்பாய்க்கு அப்படி எதுவும் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். எல்லா வீரருக்கும் சமமான நினைவு என்பது 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. 2021இல் அதே ஆணையம் வெளியிட்ட சொந்த விசாரணை அறிக்கை, 45,000 முதல் 54,000 வரையான இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்கள் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. சிலருக்குப் பொதுநினைவுச் சின்னம் மட்டும், சிலருக்கு அதில் பெயருக்குப் பதில் எண்ணிக்கை. அவர்கள் விஷயத்தில் மண்ணைக் குறைசொல்ல முடியாது.

அலமாரிகள்

ஃப்ரோமெலை மனதில் வைத்துக்கொண்டு சேகரிப்பு உலகத்தைப் பார்த்தால் சில பொருட்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானியத் தகடு நீள்வட்டம், நடுவில் துளை வரிசை. சிப்பாய் இறந்தால் பாதியை உடைத்து எடுக்கவேண்டும், மறுபாதி உடலோடு. இரண்டு பாதியும் சேர்ந்த முழுத் தகட்டுக்குச் சேகரிப்பாளரிடையே கிராக்கி அதிகம். முழுத் தகடு இரண்டு விதமாக வரும். உயிரோடு வீடு திரும்பியவனிடமிருந்து வரலாம். அல்லது யாரும் கண்டுபிடிக்காத ஒருவனின் எலும்புகளிலிருந்து யாரோ பிடுங்கியதாக இருக்கலாம். மண் கறை படிந்த முழுத் தகட்டைப் பார்த்தால் எனக்கு இப்போது இரண்டாவதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த எண்ணை வைத்துப் பெயர் சொல்லக்கூடிய பதிவேடுகள் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. தகடு போய்விட்டால் எலும்புக்குப் பெயர் போய்விட்டது.

அதே போரில் சோவியத் சிப்பாயின் பாடு இன்னும் மோசம். அவனிடம் உலோகத் தகடு இல்லை. கறுப்பு எபோனைட்டில் ஒரு திருகு டப்பா, உள்ளே சுருட்டிய காகிதம். பெயர், ஊர், குடும்ப முகவரியைத் தானே எழுதவேண்டும். எழுதினால் சாவு வரும் என்று பயந்து வெற்றுக் காகிதமாகவே விட்டவர்கள் பலர். 1942 நவம்பரில் அந்த முறையையே நிறுத்திவிட்டார்கள். இன்று சதுப்பில் ஒரு டப்பா கிடைத்தால், ஆர்வம் தாங்காமல் அங்கேயே திருகித் திறப்பவர் அந்த மனிதனை இரண்டாம் முறை தொலைக்கிறார். ஈரக் காகிதம் காற்றுப் பட்டதும் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். முறையாகத் தேடும் ரஷ்யத் தன்னார்வக் குழுக்கள் மூடியைத் தொடாமல் நிபுணரிடம் கொண்டுபோவார்கள்.

பிரிட்டிஷ் பதக்கங்களில் நல்ல பழக்கம் ஒன்று இருந்தது. முதல் உலகப்போரின் வெள்ளிப் பதக்கம், வெற்றிப் பதக்கம் இரண்டின் விளிம்பிலும் எண், பதவி, பெயர், படை பொறித்திருக்கும். போரில் ஈடுபட்டவர்களின் பணிக் கோப்புகளில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துபோனதால், சிலருக்கு அந்த விளிம்பெழுத்து மிக முக்கியமான தடயம். 1980ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது ஏராளமான வெள்ளிப் பதக்கங்கள் உருக்குவதற்குப் போயின. வெண்கலம் என்பதால் வெற்றிப் பதக்கம் தப்பியது. இன்றும் பல பதக்கங்கள் ஜோடி இல்லாமல் ஒற்றையாக அலைகின்றன.

ஆபத்தைப் பற்றி ஒரு வரி. மேற்கு முனை வயல்களில் ஏர் ஓட்டும்போது வெடிக்காத ஷெல்கள் இன்றும் மேலே வருகின்றன, விவசாயிகள் அதை இரும்பு அறுவடை என்கிறார்கள். 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டுமானத் தளத்தில் முதல் உலகப்போர் ஷெல் வெடித்து இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். துரு ஏறியதால் செயலிழந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குத் தூக்கிவருகிற சேகரிப்பாளர்களோடு எனக்கு வாதாடத் தெம்பில்லை.

ஒரு பொத்தான்

என் மேஜை இழுப்பறையில் ஒரு பித்தளைப் பொத்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் பொதுப் பொத்தான், முன்பக்கம் அரசச் சின்னம், பின்பக்கம் தயாரிப்பாளர் பெயர். வளையம் நெளிந்திருக்கிறது. துணியோடு இழுத்துப் பிடுங்கியதுபோல. பல வருஷம் முன்பு, ஒரு பெட்டி நிறைய உதிரிப் பொருட்களோடு வாங்கினேன். விற்றவர் ‘சோம், வயலில் கிடைத்தது’ என்றார். சோம் என்பது மாவட்ட அளவு பெரிய இடம். எந்த வயல், எந்த ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது, எலும்பு இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

லட்சக்கணக்கானோர் அணிந்த பொத்தான் இது. இனி யாருக்கும் இது உரியது என்று நிரூபிக்க வழியில்லை. ஃப்ரோமெல் பற்றிப் படித்தபின் அதனோடு ஒரு அட்டை எழுதி வைத்தேன். வாங்கிய தேதி, விற்றவர் சொன்ன மூன்று சொல், வளையம் நெளிந்திருப்பது. இடம் என்ற கட்டத்தில் கோடு போட்டிருக்கிறேன்.